கியூமெயில் சேர்வரில் மின்னஞ்சல் வடிகட்டும் ஸ்கிரிப்ட்: 0ஐயும் 1ஐயும் எந்த ஒழுங்கில் வாசிப்பது

திருகோணமலையில் நான்கைந்து சிறிய இடங்களுக்கு மெயில் சேர்வர் பார்த்துக் கொடுக்கிறேன். உப்புவெளி, நிலாவெளிப் பக்கம் சில விடுதிகள், டவுனுக்குள் ஓர் அலுவலகம், அவ்வளவுதான். எல்லாவற்றிலும் ஓடுவது கியூமெயில் என்ற மெயில் சேர்வர் மென்பொருள். வருகிற கடிதம் கியூவில், அதாவது சேர்க்கப்படக் காத்திருக்கும் வரிசையில், விழுவதற்கு முன் ஒரு ஸ்கிரிப்ட் அதைப் பிடித்துப் பார்த்து, நல்லதை உள்ளே விட்டு, கெட்டதைத் திருப்பி அனுப்ப வேண்டும். இந்த வேலையைப் பழக வந்த தம்பிமார் தங்கச்சிமார் எல்லோரும் ஏறக்குறைய ஒரே இடங்களில்தான் சறுக்கினார்கள். நானும் அங்கேதான் சறுக்கினேன். அதனால் அந்த இடங்களில் கொஞ்சம் நின்று எழுதுகிறேன், மற்றதை வேகமாகக் கடந்துவிடுகிறேன்.

கொமாண்டுகளின் பெயர்களை ஒலிக்கிறபடி தமிழில் எழுதியிருக்கிறேன். திரையில் அடிக்கும்போது அவற்றின் சொந்தப் பெயரில் அடியுங்கள். குறிகளும் எண்களும் இங்கே இருப்பது போலவே வரும்.

1. கை வைக்க முன் வேண்டியவை

முதலில் உங்கள் கியூமெயில் எது என்று பாருங்கள். பழைய 1.03ஐ அப்படியே நிறுவியிருந்தால் இந்த வழி வேலை செய்யாது. நெட்கியூமெயில் 1.05, 1.06 அல்லது நொட்கியூமெயில் வேண்டும். கடிதத்தைக் கியூவில் போடும் வேலையை இன்னொரு புரோகிராமிடம் கொடுக்க உதவும் கியூமெயில்கியூ என்ற சூழல் மாறி (புரோகிராம் தொடங்கும்போது அதற்குக் கிடைக்கும் ஒரு பெயரும் மதிப்பும்) அவற்றில்தான் ஏற்கெனவே இருக்கிறது. பெயரில் ஒரு குழப்பம் வரும்: எல்லாம் பெரிய எழுத்தில், நடுவில் கோடு இல்லாமல் எழுதுவது சூழல் மாறி, சிறிய எழுத்தில் கோட்டோடு வரும் கியூமெயில்-கியூ என்பது உண்மையான புரோகிராம். இரண்டையும் மாற்றி எழுதிவிட்டு ஒரு பின்னேரம் முழுக்கத் தேடியவர்களைப் பார்த்திருக்கிறேன்.

அடுத்தது, ஸ்கிரிப்ட் எந்தப் பயனரின் பெயரில் ஓடப்போகிறது என்பது. வெளியிலிருந்து வரும் கடிதத்துக்கு அது கியூமெயில்டி என்ற பயனர். அவருக்குச் சொந்தமாக, வேறு யாரும் எட்டிப் பார்க்க முடியாதபடி 700 அனுமதியோடு ஒரு தற்காலிக அடைவை உருவாக்கி வையுங்கள். எல்லா அனுமதியும் உள்ள ரூட் பயனராக இருந்து சோதித்தால் எல்லாம் ஓடும், சேர்வரில் ஏற்றினால் எதுவும் ஓடாது. காரணம் பெரும்பாலும் இந்த அடைவுதான்.

சோதனைக்கு மூன்று கடிதங்கள் தயாராக வைத்திருங்கள்: இரண்டு வரிக் கடிதம் ஒன்று, ஒரு மெகாபைட்டுக்கு மேல் படம் இணைத்த ஒன்று, பல பேருக்குப் போகும் ஒன்று. இரண்டாவது ஏன் கட்டாயம் என்று 4ஆம் பகுதியில் தெரியும்.

2. எந்த எண்ணில் என்ன வருகிறது

ஒரு புரோகிராம் வாசிக்கவோ எழுதவோ திறந்து வைத்திருக்கும் ஒவ்வொரு வழிக்கும் உள்ள எண்தான் பைல் டிஸ்கிரிப்டர். சாதாரணமாக 0 உள்ளே வருவது, 1 வெளியே போவது, 2 பிழைச் செய்தி போவது. இதை எல்லோரும் மனப்பாடமாக வைத்திருக்கிறோம். கியூமெயில்-கியூவில் அந்தப் பழக்கம் உடைகிறது. கடிதம் 0இல் வருகிறது. அனுப்பியவர், பெறுபவர்கள் அடங்கிய உறை 1இல் வருகிறது. ஓம், 1உம் இங்கே வாசிக்கிற பக்கம்தான். உங்கள் ஸ்கிரிப்ட் கியூமெயில்-கியூவின் இடத்தில் உட்காருவதால் அதற்கும் இதே கணக்கு.

உறையின் அமைப்பு எளிது. எஃப் என்ற ஓர் எழுத்து, உடனே அனுப்பியவர் முகவரி, பிறகு ஒரு நல் பைட், அதாவது மதிப்பு பூச்சியமான பைட். அதன் பின் ஒவ்வொரு பெறுபவருக்கும் டி (T) என்ற எழுத்து, முகவரி, ஒரு நல் பைட். எல்லோரும் முடிந்ததும் கடைசியாக இன்னொரு நல் பைட். அதனால் முழுதாக வந்த உறையின் கடைசி இரண்டு பைட்டும் எப்போதும் நல் பைட்டாகவே இருக்கும். இதை நினைவில் வையுங்கள், 5ஆம் பகுதியில் பயன்படும்.

எஃப் எழுத்துக்குப் பின் முகவரி எதுவும் இல்லாமல் நேரே நல் பைட் வந்தால் பயப்பட வேண்டாம். சேர வேண்டிய இடத்துக்குச் சேராமல் திரும்பி வரும் அறிவிப்புக் கடிதங்களுக்கு அனுப்பியவர் வெறுமையாகத்தான் இருப்பார். "அனுப்பியவர் இல்லை, தள்ளு" என்று எழுதினால், தாங்கள் அனுப்பிய கடிதம் போகவில்லை என்பதே உங்கள் ஆட்களுக்குத் தெரியாமல் போகும்.

3. முதல் வரியிலேயே 1ஐ இடம் மாற்றுங்கள்

ஸ்கிரிப்ட் எழுதியதும் கை தானாகப் போவது எக்கோவுக்கு. "வந்துவிட்டேன்" என்று ஒரு வரி அச்சிட்டுப் பார்ப்போம் என்றுதான் எல்லோரும் தொடங்குகிறார்கள். எக்கோ எழுதுவது 1இல். இங்கே 1 வாசிக்கும் குழாய் (ஒரு புரோகிராம் எழுதுவதை இன்னொன்று வாசிக்கும் வழி), அதில் எழுத முடியாது, எழுதப் போனால் தவறான டிஸ்கிரிப்டர் என்று பிழை வரும். நீங்கள் எக்கோ போடாவிட்டாலும், நீங்கள் கூப்பிடும் வைரஸ் பார்க்கும் புரோகிராம் ஏதாவது அச்சிடும், அதுவும் இதே இடத்தில் முட்டும்.

அதனால் வேறு எதுவும் செய்ய முன், முதல் வரியாக இதைப் போடுங்கள்: எக்செக் 3<&1 1>&2. முதற்பாதி, உறை வரும் குழாயை 3க்கு நகலெடுக்கிறது. இரண்டாம் பாதி, 1ஐ பிழைச் செய்தி போகும் இடத்துக்குத் திருப்புகிறது. இனி யார் என்ன அச்சிட்டாலும் அது நடந்ததைக் குறித்து வைக்கும் சேர்வரின் லொக்கில் போய் விழும், உறை 3இல் பத்திரமாக இருக்கும்.

இந்த இரண்டு பாதியையும் மாற்றிப் போடக் கூடாது. ஷெல் திருப்பல்களை இடமிருந்து வலமாக ஒவ்வொன்றாகச் செய்கிறது. 1>&2 முன்னால் வந்தால் உறைக் குழாயின் பிடி அங்கேயே விட்டுப்போகிறது, பிறகு 3க்குக் கிடைப்பது லொக்கின் நகல் மட்டும்தான். 3க்கு இடம் மாற்றாமல், வந்ததை அப்படியே நகலெடுக்கும் கேட் கொமாண்டை, கேட் <&1 >உறை என்று நேரே எழுதுபவர்களும் இதே குழியில் விழுவதுண்டு. அந்த ஒழுங்கில் எழுதினால் சரி. கேட் >உறை <&1 என்று திருப்பி எழுதினால், கேட் தான் எழுதப்போகும் பைலையே வாசிக்கப் பார்த்துப் பிழையோடு நிற்கும்.

4. கடிதம் முதலில், உறை பிறகு

இந்தப் பகுதியைத் தயவுசெய்து இரண்டு தரம் வாசியுங்கள்.

உங்கள் ஸ்கிரிப்டுக்கு அனுப்பும் பக்கத்தில் இருப்பது, வெளியிலிருந்து கடிதத்தை வாங்கும் கியூமெயில்-எஸ்எம்டிபிடி என்ற புரோகிராம். அது முதலில் கடிதம் முழுவதையும் 0இன் குழாயில் எழுதி, அதை மூடி, அதன் பிறகுதான் உறையை எழுதத் தொடங்கும். நீங்களும் அதே ஒழுங்கில் வாசிக்க வேண்டும். "அனுப்பியவர் யார் என்று முதலில் பார்ப்போம், கறுப்புப் பட்டியலில் இருந்தால் கடிதத்தை வாசிக்கவே தேவையில்லையே" என்று யோசிப்பது இயல்பு, கெட்டிக்காரத்தனமாகவும் தெரியும். ஆனால் அப்படி எழுதினால் ஸ்கிரிப்ட் உறைக்காகக் காத்திருக்கும், மறுபக்கம் கடிதத்தை யாராவது வாசிக்கட்டும் என்று காத்திருக்கும், இரண்டும் அப்படியே உறைந்துவிடும்.

இதில் கொடுமை என்னவென்றால் சிறிய கடிதத்தில் இது தெரியவே தெரியாது. லினக்ஸில் ஒரு குழாய் வழக்கமாக 65,536 பைட் கொள்ளும். கடிதம் அதற்குள் அடங்கினால் மறுபக்கம் முழுவதையும் குழாய்க்குள் தள்ளிவிட்டு உறைக்குப் போய்விடும், ஒழுங்கு மாறிய ஸ்கிரிப்டும் ஓடும். படம் இணைத்த முதல் கடிதம் வரும்போதுதான் நிற்கும். ஒரு விடுதியில் எனக்கு நடந்தது இதுதான். காலையில் சோதித்த எல்லாக் கடிதமும் போனது, மத்தியானம் கடவுச்சீட்டுப் படத்தோடு முன்பதிவுக் கடிதங்கள் வரத் தொடங்கின, பின்னேரம் சேர்வரே வாய் திறக்கவில்லை. வெளி இணைப்புகளை ஏற்று கியூமெயிலிடம் கொடுக்கும் டிசிபிசேர்வர் ஒரே நேரத்தில் ஏற்கும் இணைப்பு வழக்கத்தில் 40. உறைந்த ஒவ்வொரு கடிதமும் ஓர் இடத்தைப் பிடித்துக்கொண்டு நிற்கும், 40உம் நிறைந்தால் வேறு யாரும் உள்ளே வர முடியாது.

ஆகவே ஒழுங்கு இது. எம்கேடெம்ப் -டி (-d) கொண்டு உங்கள் தற்காலிக அடைவுக்குள் இந்தக் கடிதத்துக்கென்று ஒரு புதிய அடைவு. பிறகு கேட் >கடிதம். அது முடிந்த பிறகு கேட் <&3 >உறை. கடைசியாக எக்செக் 3<&- என்று 3ஐ மூடிவிடுங்கள்.

அடைவை ஒவ்வொரு முறையும் புதிதாக எடுப்பதற்குக் காரணம் உண்டு. ஒரே பெயருள்ள பைலில் எழுதினால், ஒரே நேரத்தில் இரண்டு கடிதம் வரும்போது ஒருவரின் கடிதம் மற்றவரின் உறையோடு போய்விடும். விடுதிக்காரரிடம் ஒரு விருந்தினரின் விவரம் இன்னொரு விருந்தினருக்குப் போனது என்று சொல்ல வேண்டிய நிலை யாருக்கும் வரக் கூடாது. ஸ்கிரிப்டின் தொடக்கத்தில் புதிய பைல்களை வேறு பயனர்கள் திறக்க முடியாதபடி செய்யும் யூமாஸ்க் 077 போடுவதும் இதற்காகத்தான், அது மற்றவர்களின் கடிதம்.

கேட் தோற்றால் தொடர்ந்து ஓட விடாதீர்கள். டிஸ்க் நிறைந்தால் பாதிக் கடிதம்தான் எழுதப்படும், அதைக் கவனிக்காமல் அனுப்பினால் பாதிக் கடிதம்தான் போகும். ஒவ்வொரு கேட்டுக்கும் பின்னால், தோற்றால் 53ஓடு வெளியேறு என்று எழுதுங்கள். அந்த எண்ணின் பொருள் 9ஆம் பகுதியில் இருக்கிறது.

5. உறை முழுதாக வந்ததா என்று பாருங்கள்

மாரி மழைக் காலத்தில் இங்கே லைன் அடிக்கடி அறுகிறது. பெரிய கடிதம் ஒன்றைத் தொலைபேசியிலிருந்து யாரோ அனுப்பிக்கொண்டிருக்கிறார், பாதியில் இணைப்பு போகிறது. அப்போது உங்கள் ஸ்கிரிப்ட் என்ன பார்க்கும்? 0 மூடப்படும், கடிதம் முடிந்தது போலவே தெரியும். பாதி வந்ததா முழுதும் வந்ததா என்று 0ஐ மட்டும் பார்த்துச் சொல்லவே முடியாது.

சொல்லக்கூடியது உறைதான். இணைப்பு அறுந்தால் உறை வராது. ஆகவே டெயில் கொண்டு உறையின் கடைசி 2 பைட்டை எடுத்து, பைட்டுகளை எண்ணாகக் காட்டும் ஓடி கொமாண்டில் பாருங்கள். 00 00 இல்லையென்றால் 54ஓடு வெளியேறுங்கள், வைரஸ் பார்க்கவும் வேண்டாம், யாருக்கும் அறிவிக்கவும் வேண்டாம். குறைந்த உறையை நீங்களாகவே நல் பைட் சேர்த்துச் "சரிப்படுத்த" வேண்டாம். அனுமதித்த அளவைவிடக் கடிதம் பெரிதானாலும் மறுபக்கம் உறையை எழுதாமல்தான் நிறுத்தும். நீங்கள் அதைப் பூர்த்தி செய்தால், சேர்வர் மறுத்த கடிதத்தை நீங்கள் உள்ளே விடுகிறீர்கள்.

6. உறையை மாறியில் போடாதீர்கள்

பாஷ் மாறிக்குள் நல் பைட் நிற்காது. உறையை ஒரு மாறிக்குள் வாங்கினால் நல் பைட்கள் எல்லாம் உதிர்ந்து, முகவரிகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு ஒரு நீண்ட சொல்லாகிவிடும். கடிதத்தை மாறிக்குள் வாங்கினாலும் நட்டம்தான், கடைசியில் இருக்கும் வெற்று வரிகள் போய்விடும், இணைப்புள்ள பெரிய கடிதமென்றால் நினைவகத்தையும் தின்னும். எல்லாம் பைலாகவே இருக்கட்டும்.

முகவரியைப் பார்க்க வேண்டுமானால் டிஆர் கொண்டு நல் பைட்டை வரி முறிவாக மாற்றிப் படியுங்கள். முதல் வரியின் எஃப் எழுத்தை வெட்டினால் அனுப்பியவர். அது உங்கள் கண்ணுக்கும் முடிவெடுக்கவும் மட்டும், மேலே அனுப்புவது மூல உறைப் பைலைத்தான்.

7. பார்க்கிற வேலை

வைரஸ் பார்க்கும் புரோகிராமாகக் கிளாம்டிஸ்கேனை எடுத்துக்கொள்வோம். அது பின்னணியில் ஓடும் கிளாம்டியிடம் கேட்டுச் சொல்லும். கிளாம்டி வேறு பயனரின் பெயரில் ஓடுவதால், 077 போட்டு எழுதிய உங்கள் பைலை அதால் திறக்க முடியாது. உடனே பைலுக்கு 644 கொடுத்து எல்லோருக்கும் திறந்துவிடுபவர்கள் உண்டு, வேண்டாம். எஃப்டிபாஸ் என்ற தெரிவைச் சேர்த்தால் கிளாம்டிஸ்கேன் தானே பைலைத் திறந்து, திறந்த டிஸ்கிரிப்டரையே யுனிக்ஸ் சொக்கெட் வழியாகக் கிளாம்டியிடம் கொடுத்துவிடும். அனுமதி மாறாது, வேலை நடக்கும்.

அதன் வெளியேறும் எண்களை மூன்றாகப் பிரித்துக் கையாளுங்கள்: 0 சுத்தம், 1 வைரஸ் இருக்கிறது, 2 ஏதோ பிழை. "0 இல்லையென்றால் தள்ளு" என்று ஒரே வரியில் எழுதுவதுதான் நான் அதிகம் கண்ட தவறு. கரண்ட் போய் வந்து கிளாம்டி மட்டும் எழும்பாமல் கிடந்தால் எல்லாக் கடிதத்துக்கும் 2 வரும், எல்லோருடைய நல்ல கடிதமும் நிரந்தரமாகத் திருப்பி அனுப்பப்படும். 1 வந்தால் 31ஓடு வெளியேறுங்கள், 2 வந்தால் 71ஓடு. கிளாம்டிஸ்கேனின் பின்னால் குழாய் போட்டு டீ கொமாண்டுக்கு அனுப்பவும் வேண்டாம், அப்போது உங்களுக்குக் கிடைப்பது டீயின் எண், கிளாம்டிஸ்கேனுடையது அல்ல.

8. உண்மையான கியூமெயில்-கியூவிடம் ஒப்படைப்பது

இங்கே மூன்று வரி. முதலாவது, எக்செக் 4<கடிதம் 5<உறை. இரண்டாவது, அந்த அடைவையே ஆர்எம் கொண்டு அழித்துவிடுவது. மூன்றாவது, எக்செக் போட்டுக் கியூமெயில்-கியூவை முழுப் பாதையோடு கூப்பிட்டு, பின்னால் 0<&4 1<&5.

அழித்த பைலை எப்படி வாசிக்கும் என்று கேட்பீர்கள். அழிவது பெயர் மட்டும். ஒரு டிஸ்கிரிப்டர் திறந்திருக்கும் வரை உள்ளடக்கம் டிஸ்க்கில் இருக்கும், கியூமெயில்-கியூ வாசித்து முடித்து மூடியதும் தானாகப் போய்விடும். முன்கூட்டியே அழிப்பதற்குக் காரணம், கடைசி எக்செக்கில் ஷெல் மறைந்து அதன் இடத்தில் கியூமெயில்-கியூ வந்துவிடுகிறது, ஸ்கிரிப்ட் முடியும்போது ஓடட்டும் என்று டிராப் கொமாண்டில் போட்டு வைத்த துப்புரவு வேலை ஓடாது. இடையில் தள்ளிவிட்டு வெளியேறும் பாதைகளுக்கு டிராப் தேவை, அதை ஸ்கிரிப்டின் தொடக்கத்திலேயே போட்டு வையுங்கள்.

ஒரு நுணுக்கம். 4ஐத் திறந்த பிறகு அதையே வைரஸ் பார்க்கவோ தேடவோ கொடுத்துவிட்டு, பிறகு கியூமெயில்-கியூவுக்கும் கொடுத்தால் வெறும் கடிதம் போகும். எவ்வளவு தூரம் வாசித்தாயிற்று என்ற குறி திறந்த பைலுக்கு ஒன்றுதான், நகலெடுத்த எல்லா எண்ணும் அதையே பகிர்ந்துகொள்கின்றன. முதல் ஆள் கடைசி வரை வாசித்துவிட்டால் அடுத்த ஆளுக்கு மிஞ்சுவது ஒன்றுமில்லை. பார்க்கிற வேலை எல்லாவற்றையும் பைலின் பெயரைக் கொடுத்து முடித்துவிட்டு, 4ஐயும் 5ஐயும் கடைசியில் திறவுங்கள்.

9. வெளியேறும் எண்கள்

கியூமெயில் பார்ப்பது எண்ணை மட்டும். 11 முதல் 40 வரை நிரந்தர மறுப்பு, அனுப்பிய சேர்வருக்கு 554 போகும். 0 தவிர்ந்த மற்றவை அநேகமாக எல்லாம் தற்காலிகம், 451 போகும், அனுப்பிய சேர்வர் பிறகு திரும்ப முயலும். 31 நிரந்தரமாக ஏற்கமாட்டேன் என்பது, 71 இப்போதைக்கு ஏற்கமாட்டேன் என்பது, 53 எழுத முடியவில்லை, 54 வாசிக்க முடியவில்லை.

கவலைப்பட வேண்டியது 0 ஒன்றைப் பற்றித்தான். உங்கள் ஸ்கிரிப்ட் 0ஓடு வெளியேறினால் மறுபக்கம் "வாங்கிக்கொண்டேன்" என்று அனுப்பியவருக்குச் சொல்லிவிடும். நீங்கள் கியூமெயில்-கியூவைக் கூப்பிடாமலே 0 கொடுத்திருந்தால் அந்தக் கடிதம் எங்கேயும் இல்லை, அனுப்பியவருக்கும் தெரியாது, பெறுபவருக்கும் தெரியாது, லொக்கிலும் பிழை இல்லை. ஸ்கிரிப்டின் கடைசி வரி அந்த எக்செக்தான் என்பதையும், அதற்குக் கீழே தப்பித் தவறி ஓட்டம் வந்தால் 71 என்ற வெளியேற்றம் இருப்பதையும் உறுதிசெய்யுங்கள். எண் தெரியாத எந்த இடத்திலும் 71 கொடுங்கள், தாமதத்தைப் பொறுக்கலாம்.

10. ஏற்றுவதற்கு முன் சோதனை

கடிதத்தையும் உறையையும் பைலாக வைத்து ஸ்கிரிப்டுக்குக் கொடுத்துப் பார்ப்பது போதாது. பைல் ஒருபோதும் அடைபடாது, 4ஆம் பகுதியின் உறைதல் அதில் வெளிப்படாது. உண்மையான குழாய் வேண்டும். அதற்கு எளிய வழி, உங்கள் ஷெல்லில் கியூமெயில்கியூ சூழல் மாறியில் ஸ்கிரிப்டின் முழுப் பாதையைப் போட்டு ஏற்றுமதி செய்துவிட்டு, உள்ளிருந்து கடிதம் அனுப்பும் கியூமெயில்-இன்ஜெக்ட் புரோகிராமைக் கொண்டு மூன்று கடிதத்தையும் அனுப்புவது. இன்ஜெக்டும் அந்த மாறியைப் பார்க்கும், சேர்வர் எப்படிக் குழாய் வைக்கிறதோ அப்படியே வைக்கும்.

இதைக் கியூமெயில்டி பயனராக, சேர்வரில் உள்ள அதே சொஃப்ட்லிமிட் அளவோடு ஓடவிடுங்கள். 2, 3 மெகாபைட் என்று இறுக்கி வைத்த நினைவக எல்லை ஸ்கிரிப்டுக்கும் அது கூப்பிடும் புரோகிராம்களுக்கும் தொடர்ந்து வரும், பெர்ல், பைதன் போன்றவை அதற்குள் எழும்பவே மாட்டா. கையால் ஓட்டினால் ஓடுகிறது, சேர்வரில் 451 வருகிறது என்றால் முதலில் இந்த எல்லையைப் பாருங்கள். அடுத்து, விண்டோஸில் எழுதிக் கொண்டுவந்த ஸ்கிரிப்டா என்று பாருங்கள், வரி முடிவில் ஒட்டிய கூடுதல் எழுத்தால் முதல் வரியிலுள்ள ஷெல்லின் பெயரே பிழையாகிவிடும்.

வைரஸ் கண்டதும் அறிவிப்புக் கடிதம் அனுப்ப ஸ்கிரிப்டுக்குள் இன்ஜெக்டைக் கூப்பிடுகிறீர்களா? முன்னதாக அன்செட் கொண்டு சூழல் மாறியை நீக்குங்கள். நீக்காவிட்டால் அறிவிப்பும் இதே ஸ்கிரிப்டுக்குள் வரும், அதிலும் வைரஸ் ஒட்டியிருந்தால் சுற்றத் தொடங்கிவிடும்.

11. ஏற்றுவதும் இறக்குவதும்

டிசிபிசேர்வரின் விதிப் பைலில் உங்கள் சொந்தக் கொம்பியூட்டரின் ஐபிக்கு மட்டும் முதலில் சூழல் மாறியைப் போடுங்கள். ஒரு முகவரிக்கு மிக நெருங்கிப் பொருந்தும் ஒரேயொரு விதிதான் எடுக்கப்படும், பொது விதியிலிருந்து எதுவும் சேர்ந்து வராது. சேர்வர் வழியாக வெளியே கடிதம் அனுப்ப அனுமதி கொடுக்கும் ரிலேகிளையண்ட் என்ற மாறி அந்த ஐபிக்கு முன்பு இருந்திருந்தால் அதையும் இந்த வரியிலேயே திரும்ப எழுத வேண்டும். பைலைத் திருத்தியதும் டிசிபிரூல்ஸ் கொண்டு, டிசிபிசேர்வர் வாசிக்கும் சிடிபி என்ற பைலாக மாற்றுங்கள், எழுத்துப் பைலைத் திருத்திவிட்டு ஒன்றும் மாறவில்லையே என்று நிற்பவர்கள் பலர். சேர்வரை நிறுத்தித் தொடங்கத் தேவையில்லை, ஒவ்வொரு புதிய இணைப்புக்கும் சிடிபி புதிதாகப் பார்க்கப்படும்.

ஒரு நாள் உங்கள் ஐபியோடு ஓடட்டும். லொக்கில் ஸ்கிரிப்டின் பிழைச் செய்திகள் எத்தனை, தற்காலிக அடைவில் மிஞ்சிக் கிடக்கும் அடைவுகள் எத்தனை என்று பாருங்கள். பழைய அடைவு மிஞ்சியிருந்தால் ஏதோ ஓர் ஓட்டம் நடுவில் கொல்லப்பட்டிருக்கிறது, அதே நேரத்து லொக்கில் காரணம் இருக்கும். இரண்டும் சுத்தமாக இருந்தால் பொது விதிக்கு மாற்றுங்கள், ஆட்கள் கடிதம் எழுதும் காலை நேரத்தில் மாற்றினால் தவறு உடனே தெரியும், நீங்களும் பக்கத்தில் இருப்பீர்கள். பிழை ஏதும் வந்தால் விதியிலிருந்து மாறியை எடுத்து மறுபடி டிசிபிரூல்ஸ் ஓட்டினால் போதும், அடுத்த கடிதம் நேரே உண்மையான கியூமெயில்-கியூவுக்குப் போகும், 451 வாங்கியவையும் அனுப்பிய சேர்வர்கள் திரும்ப முயலும்போது வந்து சேரும்.